அப்ராஜ் குழுமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயைத் தலைமையிடமாகக் கொண்டு மேற்காசியா, தெற்காசியா, ஆப்பிரிக்கா, துருக்கி, இலத்தீன் அமெரிக்கா ஆகிய வட்டாரங்களில் நிறுவனங்களை வாங்கி, நடத்தி, விற்றுவந்த அப்ராஜ் குழுமம் 2018-இல் சரிந்தது. வளைகுடாவில் கணக்குத் துறையில் இருப்பதால், அந்தச் சரிவைப் பற்றி நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் சில விடைகளுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அப்ராஜ் என்பது பேங்கா, மியூச்சுவல் ஃபண்டா, இல்லை வேறு ஏதாவதா?

இரண்டும் இல்லை. அது ஒரு தனியார் பங்கு முதலீட்டு நிறுவனம். ஆங்கிலத்தில் பிரைவேட் ஈக்விட்டி என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. வங்கி டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் சிறு முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிச் சந்தையில் தினமும் கைமாறும் பங்குகளை வாங்குகிறது. வேண்டாம் என்றால் சில நாட்களில் பணத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம். தனியார் பங்கு நிறுவனமோ ஓய்வூதிய நிதியங்கள், அரசு முதலீட்டு அமைப்புகள், வளரும் நாடுகளில் முதலீடு செய்ய அரசுகள் அமைத்த வளர்ச்சி நிதி நிறுவனங்கள், பெரும் செல்வந்தக் குடும்பங்கள் ஆகியோரிடம் பணம் திரட்டி, பெரும்பாலும் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களில் பெரும் பங்கையோ முழு உரிமையையோ வாங்குகிறது. சில ஆண்டுகள் வைத்திருந்து, நிர்வாகத்தைச் சீர்செய்து, வாங்கிய விலையைவிடக் கூடுதலான விலைக்கு விற்பதுதான் அதன் தொழில். போட்ட பணம் வழக்கமாகப் பத்தாண்டுகள் வரை உள்ளேயே இருக்கும்.

கராச்சியில் பிறந்த ஆரிஃப் நக்வி 2002-இல் அப்ராஜைத் தொடங்கினார். உச்சத்தில் இருந்தபோது அது ஏறத்தாழ 1,400 கோடி டாலரை நிர்வகிப்பதாகக் கூறிக்கொண்டது. வளர்ந்துவரும் நாடுகளில் மட்டும் முதலீடு செய்யும் நிறுவனங்களில் அது மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்தது.

2. அவ்வளவு பணத்தையும் முதலீட்டாளர்கள் முதலிலேயே கொடுத்துவிடுவார்களா?

இல்லை. நிதியம், அதாவது முதலீட்டுக்காகத் திரட்டப்படும் தனிப் பணத் தொகுப்பு, தொடங்கும்போது முதலீட்டாளர் ஒரு தொகைக்கு எழுத்து மூலம் உறுதி அளிக்கிறார். அதை கமிட்மென்ட் என்பார்கள். நிதி மேலாளர் ஒரு நிறுவனத்தை வாங்க முடிவு செய்த பிறகு, "இந்த நிறுவனத்தை வாங்க இவ்வளவு தேவை, உங்கள் பங்கு இவ்வளவு, இந்தத் தேதிக்குள் இந்தக் கணக்கில் செலுத்துங்கள்" என்று ஓர் அழைப்பு அறிவிப்பு அனுப்புவார். அதற்கு ஏற்பத்தான் பணம் வந்து சேரும்.

கவனிக்க வேண்டியது அந்த அறிவிப்பில் எழுதப்படும் காரணத்தைத்தான். குறிப்பிட்ட காரணத்துக்காக அழைக்கப்பட்ட பணம் அந்தக் காரணத்துக்கே செலவாக வேண்டும். வாங்குவதாக இருந்தது தள்ளிப்போனால், ஒப்பந்தத்தில் சொன்ன காலக்கெடுவுக்குள் பணம் முதலீட்டாளரிடம் திரும்ப வேண்டும். அப்ராஜின் கதை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடக்கிறது.

3. பணம் எல்லாம் மற்றவர்களுடையது என்றால் அப்ராஜுக்கு என்ன வருமானம்?

இந்தத் துறையில் "இரண்டும் இருபதும்" என்று ஒரு வழக்கம் உண்டு. நிர்வகிக்கும் தொகையில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். விற்றபின் கிடைக்கும் இலாபத்தில், முதலீட்டாளருக்கு ஒப்புக்கொண்ட அடிப்படை வருவாயைக் கொடுத்த பிறகு, 20 விழுக்காடு பங்கு. 100 கோடி டாலர் நிதியம் ஒன்றை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலர் நிச்சயம். இலாபப் பங்கு வந்தால் வரும், வராமலும் போகலாம்.

ஆகவே அலுவலக வாடகை, சம்பளம், பயணம், மாநாடு எல்லாவற்றையும் அந்த 2 விழுக்காட்டுக்குள் அடக்குவதுதான் ஒழுங்கான மேலாளருக்கு அழகு. இலாபப் பங்கு வரும் என்று நம்பிச் செலவை ஏற்றிக்கொண்டே போனால், விற்பனை ஒன்று தள்ளிப்போகும் ஆண்டில் மூச்சு முட்டும்.

4. இவர்களுக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது எது?

அராமெக்ஸ். ஜோர்டானில் 1982-இல் தொடங்கப்பட்ட அந்தக் கூரியர் நிறுவனம் 1997-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அங்கே இடம்பெற்ற முதல் அரபு நிறுவனம் அதுவே. ஆனால் அமெரிக்க முதலீட்டாளர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2002-இல் நிறுவனர் ஃபாதி கந்தூருடன் சேர்ந்து அப்ராஜ் அதைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்தது. 2005-இல் துபாய் பங்குச் சந்தையில் மறுபடியும் பட்டியலிட்டது. தன் வாடிக்கையாளர்கள் வாழும் ஊரிலேயே பங்குகளை விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்ற எளிய கணக்கு பலித்தது.

5. ஒரு நாட்டோடு நிற்காமல் இத்தனை நாடுகளில் ஏன் கால் வைத்தார்கள்?

ஜோர்டான், லெபனான், துனிசியா போன்ற நாடுகளின் சந்தை சிறியது. ஒரே நாட்டில் 50 கோடி டாலர் முதலீடு செய்யத் தகுந்த நிறுவனங்களைத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாட்டில் நன்றாக நடக்கும் மருத்துவமனையையோ கட்டண அட்டை நிறுவனத்தையோ வாங்கி, அதே மாதிரியை அண்டை நாடுகளுக்குக் கொண்டு போவதுதான் வட்டார முதலீட்டின் அடிப்படைத் தர்க்கம். இந்த வட்டாரத்தில் தந்தை தொடங்கி மகன்கள் நடத்தும் குடும்ப நிறுவனங்கள் ஏராளம். அவற்றுக்கு வெளியாளின் பணமும் தேவை, கணக்கு வழக்கில் ஒழுங்கும் தேவை.

2003-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியபோது வளைகுடாவில் பணம் புரண்டது. எகிப்தின் இ.எஃப்.ஜி. ஹெர்மெஸ் முதலீட்டு வங்கியில் பங்கு வாங்கி அடுத்த ஆண்டே விற்றார்கள். எகிப்திய உர நிறுவனத்தை 2007-இல் 141 கோடி டாலருக்கு வாங்கி 2008-இல் ஒராஸ்கோம் என்ற எகிப்திய நிறுவனத்திடம் கைமாற்றினார்கள். துருக்கியின் அஜிபாதெம் மருத்துவமனைக் குழுமத்திலும், துபாய்க் கடைகளில் அட்டை தேய்க்கும் இயந்திரங்களில் பெயர் தெரியும் நெட்வொர்க் இன்டர்நேஷனலிலும் முதலீடு செய்தார்கள். 2012-இல் அரியோஸ் கேப்பிட்டல் என்ற நிறுவனத்தையே வாங்கி, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் ஒரே நாளில் அலுவலகங்களைப் பெற்றார்கள். பரப்பு கூடியது, அதோடு சேர்ந்து கேள்வி 3-இல் சொன்ன செலவும் கூடியது.

6. கராச்சி மின்சார நிறுவனத்தை வாங்கியது துணிச்சலா, பைத்தியக்காரத்தனமா?

என் மதிப்பீட்டில் அப்ராஜ் செய்தவற்றுள் மிகச் சுவையானதும் மிகக் கடினமானதும் இதுதான். 1913-இல் தொடங்கப்பட்ட கராச்சி மின் வழங்கல் நிறுவனத்தை பாகிஸ்தான் அரசு 2005-இல் தனியாருக்கு விற்றது. முதலில் வாங்கிய சவூதி, குவைத் முதலீட்டாளர்களால் அதை நிமிர்த்த முடியவில்லை. 2009-இல் அப்ராஜ் நிர்வாகத்தை ஏற்றபோது, அனுப்பிய மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. பழைய கம்பிகளால் ஏற்படும் இழப்பு ஒரு பகுதி. தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பது இன்னொரு பெரும் பகுதி. ஏழைக் குடியிருப்புகள் மட்டும் கொக்கி போட்டதாக எண்ண வேண்டாம். தொழிற்கூடங்களும் வசதியான வீடுகளும் மீட்டரை ஏமாற்றின.

புதிய நிர்வாகம் நகரத்தை ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடம்) வாரியாகப் பிரித்தது. ஒவ்வொரு ஃபீடரிலும் எவ்வளவு மின்சாரம் போகிறது, எவ்வளவுக்குப் பில் வசூலாகிறது என்று தனித்தனியே கணக்கெடுத்து, வசூல் நன்றாக உள்ள பகுதிகளில் மின்வெட்டை நீக்கியது. திருட்டும் பாக்கியும் மிகுந்த பகுதிகளில் மின்வெட்டு நேரத்தைக் கூட்டியது. பில் கட்டும் தெருவில் விளக்கு எரியும், கட்டாத தெருவில் எரியாது என்ற செய்தி ஊருக்கு எட்டியது. கராச்சியின் பின் காசிம் என்ற பகுதியில் 560 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் 2012-இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் நிறுவனம் 17 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக இலாபம் காட்டியது. மின் இழப்பும் பின்வந்த ஆண்டுகளில் படிப்படியாக ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2011-இல் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியபோது நகரமே கொந்தளித்து, அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஃபீடர் கணக்கில், ஒழுங்காகப் பில் கட்டும் ஏழை வீடும் பக்கத்து வீட்டுக்காரனின் கொக்கிக்காக இருட்டில் உட்கார வேண்டியிருந்தது. இந்த அநியாயத்துக்கு நிர்வாகத்தால் கடைசிவரை நல்ல பதில் சொல்ல முடியவில்லை. 2015 ஜூனில் கராச்சியில் வெப்ப அலையால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மின்வெட்டுக்காக இதே நிறுவனம் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது.

7. அவ்வளவு நன்றாக நிமிர்த்தினார்கள் என்றால் அதை விற்க முடியாமல் போனது ஏன்?

விலை பேசி முடித்தார்கள். பணம்தான் கைக்கு வரவில்லை. 2016 அக்டோபரில், கே-எலக்ட்ரிக் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனத்தின் 66.4 விழுக்காட்டுப் பங்கை ஷாங்காய் எலக்ட்ரிக் பவர் 177 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஆனால் மின் விநியோகம் அரசின் கண்காணிப்பில் உள்ள தொழில். மின் கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம். வாங்குபவருக்குப் பாதுகாப்புச் சான்று தர வேண்டியது அரசு. எரிவாயு விற்கும் அரசு நிறுவனத்துக்கும் மின் நிறுவனத்துக்கும் இடையே யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற வழக்கு வேறு. ஷாங்காய் நிறுவனம் எதிர்பார்த்த கட்டணம் கிடைக்கவில்லை. விற்பனை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு நிறைவேறாமலே போனது.

அந்த 177 கோடி டாலர் 2017-இல் வந்திருந்தால் அப்ராஜ் தப்பித்திருக்கும் என்று அதன் ஆதரவாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். பணத் தட்டுப்பாடு தீர்ந்திருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அடுத்த இரண்டு விடைகளில் வரும் செயல்களில் சில, அந்த விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே தொடங்கிவிட்டன என்பதுதான் வழக்குத் தொடுத்தவர்களின் வாதம்.

8. மருத்துவமனை நிதியத்தில் என்னதான் நடந்தது?

ஆப்பிரிக்க, தெற்காசிய நகரங்களில் நடுத்தர, குறைந்த வருமான மக்களுக்கு மருத்துவமனைகள் கட்டவும் வாங்கவும் 100 கோடி டாலரில் ஒரு சுகாதார நிதியம் அமைக்கப்பட்டது. கேட்ஸ் அறக்கட்டளை 10 கோடி டாலர் உறுதி அளித்தது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம், வளர்ச்சி நிதி நிறுவனங்களான பிரிட்டனின் சி.டி.சி., பிரான்சின் ப்ரோபார்க்கோ ஆகியவையும் இணைந்தன. லாகோஸ், நைரோபி, லாகூர், கராச்சி ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளுக்காகப் பணம் அழைக்கப்பட்டது. ஆனால் கட்டுமானம் அழைப்புக்கு ஈடாக நகரவில்லை. கேள்வி 2-இல் சொன்ன விதிப்படி செலவாகாத பணம் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை.

2017-இல் முதலீட்டாளர்கள் ஓர் எளிய வேண்டுகோளை வைத்தார்கள்: எங்கள் பணம் உள்ள வங்கிக் கணக்கின் அறிக்கையைக் காட்டுங்கள். அது வருவதற்குப் பதில் விளக்கங்கள் வந்தன. பணம் போன தடத்தைத் துருவும் தடயவியல் கணக்காளர்களை அவர்கள் அமர்த்திய செய்தி 2018 பிப்ரவரியில் நாளிதழ்களில் வெளியானது. நிதியத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை வேறு வழிகளில் திருப்பப்பட்டதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னர் குற்றம் சாட்டியது. செய்தி வெளியானதும், திரட்டிக்கொண்டிருந்த 600 கோடி டாலர் இலக்குள்ள அடுத்த நிதியத்தைக் கைவிட்டு, உறுதி அளித்திருந்தவர்களை அப்ராஜ் விடுவிக்க வேண்டியதாயிற்று.

9. ஆண்டுதோறும் ஆடிட் நடந்திருக்குமே, அதில் எப்படித் தெரியாமல் போனது?

தணிக்கை என்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையைச் சரிபார்ப்பது. டிசம்பர் 31 அன்று கணக்கில் எவ்வளவு இருந்தது என்று தணிக்கையாளர் வங்கிக்குக் கடிதம் எழுதுவார். வங்கி அந்த நாளின் இருப்பை உறுதி செய்து அனுப்பும். டிசம்பர் 28-ஆம் தேதி யாரிடமாவது கடன் வாங்கிக் கணக்கில் போட்டு, ஜனவரி 3-ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால், வங்கி அனுப்பும் கடிதம் உண்மையானதாகவே இருக்கும். அது தரும் எண்ணம்தான் பொய்யாக இருக்கும். முன்னும் பின்னும் ஒரு மாதத்து வரவு செலவை வரிவரியாகப் பார்த்தால்தான் பெருந்தொகை ஒன்று வந்து போன தடம் தெரியும்.

துபாயில் நிதி நிறுவனங்களுக்கென்று தனி விதிகளோடு அமைந்த துபாய் பன்னாட்டு நிதி மையத்தின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட முடிவில் இதைத்தான் விரிவாக எழுதியது. வங்கி இருப்பைப் பெருக்கிக் காட்ட 35 கோடி டாலர் வரை தற்காலிகக் கடன் வாங்கப்பட்டது என்றும், ஒரு நிதியத்தில் இருந்த 20 கோடி டாலர் குறையைச் சொல்லாமல் தவிர்ப்பதற்காக அதன் நிதியாண்டு முடியும் தேதியே மாற்றப்பட்டது என்றும் அது கூறுகிறது. கேள்வி 11-இல் வரும் இரண்டு அப்ராஜ் நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 31.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பேரேட்டைப் புரட்டிப் பழகிய எவருக்கும் நிதியாண்டின் தேதி மாறினாலே புருவம் உயர வேண்டும்.

10. சரி, அந்தப் பணம் எங்கே போனது? ஒருவரே எடுத்துக்கொண்டாரா?

இதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. நொடித்த அப்ராஜைக் கலைத்துக் கடன்களைத் தீர்க்கும் பணியை ஏற்ற கணக்காளர்கள் நீதிமன்றத்தில் அளித்த அறிக்கையின்படி, நிர்வாகக் கட்டணமாக வந்த பணம் நிறுவனத்தின் செலவுக்குப் பல ஆண்டுகளாகவே போதவில்லை; பற்றாக்குறையைக் கடன் வாங்கி நிரப்பிவந்தார்கள். அதாவது கேள்வி 3-இல் சொன்ன 2 விழுக்காட்டுக்குள் வீடு அடங்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் அலுவலகங்கள், பெரிய சம்பளங்கள், உலகப் பொருளாதார மாநாட்டில் விருந்துகள், கலைப் பரிசுகள் என்று வாழ்ந்த நிறுவனம் அது. ஒரு நிதியத்தின் பணத்தால் இன்னொரு நிதியத்தின் பாக்கியை அடைத்ததாகவும், ஒரு பகுதி தனிப்பட்ட பயன்பாட்டுக்குப் போனதாகவும் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினர். நக்வி அதை மறுக்கிறார்.

என் கருத்தைக் கேட்டால், அப்ராஜைக் கவிழ்த்தது அது வாங்கிய நிறுவனங்கள் அல்ல. வாங்கியவரின் சொந்த வீட்டுக் கணக்கு. கராச்சியில் ஃபீடர் ஃபீடராக எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று அளந்தவர்கள், தங்கள் கஜானாவில் அந்த அளவீட்டைச் செய்யவில்லை.

11. கேட்ஸ் அறக்கட்டளையே ஏமாந்தது என்றால், மேற்பார்வை செய்ய யாருமே இல்லையா?

இருந்தார்கள், ஆனால் பார்வைக்கு வெளியே பெரிய இடம் இருந்தது. துபாய் நிதி மையத்தில் உரிமம் பெற்றிருந்தது அப்ராஜ் கேப்பிட்டல் என்ற சிறிய நிறுவனம். பணத்தை உண்மையில் கையாண்ட அப்ராஜ் இன்வெஸ்ட்மென்ட் மேனேஜ்மென்ட், கேமன் தீவுகளில் பதிவு செய்யப்பட்டது. துபாய் மையத்தில் உரிமம் இல்லாமலே அது அங்கிருந்து இயங்கியது என்பது ஆணையத்தின் முடிவு. உரிமம் உள்ள நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய மூலதனத்தை வைத்திருக்காமல், அறிக்கை நாளில் மட்டும் நிரப்பிக் காட்டியது. அதே கேள்வி 9-இன் உத்திதான்.

இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட நிதியங்களில் சேருகிறவர்கள் விவரம் அறிந்தவர்கள், தங்களைத் தாங்களே காத்துக்கொள்வார்கள் என்று கருதித்தான் சட்டம் பல நாடுகளிலும் அவர்களுக்குக் குறைந்த பாதுகாப்பைத் தருகிறது. ஒரு புகழ்பெற்ற அமைப்பு சேர்ந்தால், அது சோதித்திருக்கும் என்று நம்பி அடுத்தது சேரும். ஆனாலும் வங்கி அறிக்கையைக் கேட்டு விடாப்பிடியாக நின்றதும் அதே முதலீட்டாளர்கள்தான் என்பதை அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லியாக வேண்டும்.

12. கடைசியில் கதவை மூட வைத்தது யார்?

கடன் கொடுத்தவர்கள். குவைத் அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தான் கொடுத்த 10 கோடி டாலர் கடன் திரும்பாததால் 2018 மே மாதம் கேமன் தீவுகளின் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஜூன் மாதம் அப்ராஜ் தானாகவே தற்காலிகக் கலைப்பாளர்களை நியமிக்கக் கோரியது. ஒரு பெரிய நிறுவனம் பல ஆண்டுகளில் கட்டியெழுப்பியது, செய்தி வெளியான சுமார் நான்கு மாதங்களில் நீதிமன்றத்தின் கைக்குப் போனது.

13. தலைமை நிறுவனம் திவாலானதும் அது வாங்கிய மருத்துவமனைகள் எல்லாம் மூடப்பட்டனவா?

இல்லை. மிக அதிகமாகக் குழப்பம் ஏற்படும் இடம் இதுதான். நிதியம் வேறு, நிதியத்தை மேலாளும் நிறுவனம் வேறு, நிதியம் வாங்கிய மருத்துவமனை வேறு. மூன்றும் சட்டப்படி தனித்தனி நபர்கள். மேலாளர் நொடித்தால் அவருடைய கடன்காரர்கள் மருத்துவமனையின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. முதலீட்டாளர்கள் கூடி வேறு மேலாளரை அமர்த்திக்கொள்ளலாம்.

அப்படித்தான் நடந்தது. சுகாதார நிதியத்தை 2019-இல் டி.பி.ஜி. என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஏற்று எவர்கேர் என்று பெயர் மாற்றியது. அப்ராஜின் நான்காம் நிதியத்தையும் மூன்றாம் ஆப்பிரிக்க நிதியத்தையும் ஆக்டிஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் ஏற்றது. சென்னை அப்போலோவின் பெயரைத் தாங்கி நடந்துவந்த டாக்கா மருத்துவமனை 2020-இல் எவர்கேர் ஆனது. லாகூரிலும் லாகோஸிலும் மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. 2016-இல் அப்ராஜ் வாங்கிய ஹைதராபாத்தின் கேர் மருத்துவமனைகள் 2023-இல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயின. அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியருக்கு மாறியது பெரும்பாலும் முதலாளியின் பெயர்தான்.

அப்ராஜிலேயே வேலை பார்த்தவர்களின் நிலை வேறு. அலுவலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின. நொடித்த நிறுவனத்தின் ஊழியர், பணிக்கொடையும் போனஸும் வரவேண்டியவராக இருந்தால், மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியவர்தான்.

14. ஆரிஃப் நக்வி குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டதுதானே?

அமெரிக்கக் குற்ற வழக்கில் அவர் மீது உள்ளவை குற்றச்சாட்டுகள். 2019 ஏப்ரலில் லண்டனில் கைது செய்யப்பட்டு, 1.5 கோடி பவுண்டு பிணையில் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவிடம் அவரை ஒப்படைக்கலாம் என்று 2021 ஜனவரியில் லண்டன் நீதிமன்றம் கூறியதை எதிர்த்து அவர் போராடிவந்தார். துபாய் ஆணையம் 2022 ஜனவரியில் அவர் மீது தனிப்பட்ட முறையில் ஏறத்தாழ 13.6 கோடி டாலர் அபராதத்தை அறிவித்தது. அதையும் அவர் எதிர்த்தார். ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவு ஒன்று, குற்ற வழக்கின் தீர்ப்பு வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று.

வளைகுடாவில் வாழ்பவர்களுக்குப் புரியக்கூடிய ஒரு கிளைக் கதையும் இதில் உண்டு. கடனுக்கு ஈடாக அவர் கையெழுத்திட்ட காசோலை ஒன்று திரும்பிய வழக்கில், ஐக்கிய அரபு அமீரக நீதிமன்றம் 2018-இல் அவர் நேரில் இல்லாத நிலையில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

15. இப்படிப்பட்ட நிறுவனங்கள் மருத்துவமனையை வாங்கினால் கட்டணம் ஏறும் என்கிறார்களே, உண்மையா?

ஏறுவதற்கான அழுத்தம் நிச்சயம் உண்டு. சில ஆண்டுகளில் விற்க வேண்டியவருக்கு, விற்கும் நாளில் இலாபம் அதிகமாகத் தெரிய வேண்டும். கட்டில் காலியாக இருக்கும் நேரம், ஒரு நோயாளிக்கு எடுக்கப்படும் பரிசோதனைகள், சராசரி பில் ஆகியவை மாத அறிக்கையில் எண்களாக மேலே போகும். எண்ணைக் கேட்பவர் மருத்துவராக இருக்க மாட்டார். மறுபுறம், கணக்கும் மருந்துக் கொள்முதலும் ஒழுங்குபடுவதும், குடும்ப நிர்வாகம் வாங்கத் தயங்கிய கருவிகள் வருவதும் இதே உரிமை மாற்றத்தால்தான். அந்த ஊரில் வேறு நல்ல மருத்துவமனை இருக்கிறதா என்பதையும், இலாபத்தைச் செலவைக் குறைத்துத் தேடுகிறார்களா, பில்லை ஏற்றித் தேடுகிறார்களா என்பதையும் பார்த்தால் எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

16. மாதச் சம்பளக்காரனான எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக இல்லாவிட்டாலும் சுற்றுவழியில் உண்டு. குவைத்தின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் அப்ராஜுக்குக் கொடுத்தது ஓய்வூதியக்காரர்களின் பணம். நம்மில் பலர் ஊருக்குப் போக ஏறும் ஏர் அரேபியாவும் இதில் சிக்கியது: அப்ராஜில் தனக்கு 33.6 கோடி டாலர் மாட்டியிருப்பதாக அந்த விமான நிறுவனம் 2018 ஜூனில் அறிவித்தது. அந்த ஆண்டை அது நட்டத்தில் முடித்தது. நக்வி அதன் இயக்குநர் குழுவில் இருந்தவர். ஷார்ஜாவிலிருந்து பறக்கும் நிறுவனத்தின் உபரிப் பணம் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் ஏன் இருந்தது என்று அதன் சிறு பங்குதாரர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

இந்தியாவில் இவ்வகை நிதியங்கள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் மாற்று முதலீட்டு நிதியங்களாகப் பதிவாகின்றன. பொதுவாக ஒருவர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். வீடு விற்ற பணத்தோடு ஊர் திரும்புகிறவர்களிடம் இப்போது முகவர்கள் இவற்றைக் கொண்டுவருகிறார்கள். ஆகவே அடுத்த கேள்வி.

17. அப்படி ஒரு நிதியத்தின் அறிக்கை என் கைக்கு வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

இலாப விழுக்காட்டை அல்ல. விற்கப்படாத நிறுவனத்தின் மதிப்பு என்பது மேலாளரே எழுதிக்கொள்ளும் ஊகம். கையில் பணமாக எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். விற்ற நிறுவனத்தின் பணம் விற்ற தேதியிலிருந்து எத்தனை நாளில் முதலீட்டாளருக்குப் போனது என்று கேளுங்கள். அந்தத் தாமதத்துக்குப் பொய்க் காரணம் சொன்னதும் துபாய் ஆணையத்தின் குற்றப்பட்டியலில் இருக்கிறது. செலவாகாத பணம் யார் பெயரில் உள்ள கணக்கில் இருக்கிறது, காலாண்டின் இடைப்பட்ட ஏதாவது ஒரு நாளின் இருப்பைக் காட்டுவார்களா என்று கேட்டால், ஒழுங்கான மேலாளர் கோபப்பட மாட்டார்.

பிறகு, நிதியத்தின் கணக்கோடு மேலாளும் நிறுவனத்தின் கணக்கையும் கேட்டுப் பாருங்கள். கட்டண வருமானத்துக்குள் அதன் செலவு அடங்குகிறதா, அது தன் பெயரில் கடன் வாங்கியிருக்கிறதா, வாங்கியிருந்தால் எதை ஈடாக வைத்தது என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். தனியார் நிறுவனம், கணக்கைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்ற பதில் வரக்கூடும். சட்டப்படி அது சரியான பதில்தான். அதேபோல் உங்கள் 1 கோடி ரூபாயை அவரிடம் கொடுக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.